நீரோட்டம் கூடுகிறது

அக்டோபர் 5, சனி
காலை உடல் வெப்பம் 36.7.
டியூக்ஸ் கட் என்ற இணைப்பு வாய்க்கால் வழியாகக் கால்வாயை விட்டு தேம்ஸுக்குள் வந்துவிட்டோம். கால்வாயில் தண்ணீர் கிடந்தது, இங்கே நடக்கிறது. படகின் நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். ஒருவர் சமைத்தால் மற்றவர் குளியலறைக்குப் போக முடியாது. சுக்கான் இவர் கையில். இடப்பக்கம் போகக் கட்டையை வலப்பக்கம் தள்ள வேண்டும். முதல் வளைவிலேயே நாணலுக்குள் மூக்கை நுழைத்தார். சிரித்தேன். ஒரு மைல் தூரத்துக்குப் பேச்சில்லை.
ஓய்வெடு, ஓய்வெடு என்றே எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். கீமோ ஏறும்போது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் எடுத்த ஓய்வு போதாதா?

அக்டோபர் 6, ஞாயிறு
36.6. நாக்கில் இன்னும் துருச் சுவை.
ஐன்ஷாம் லாக், படகை மேல்மட்டத் தண்ணீருக்கு ஏற்றிவிடும் கதவுத் தொட்டி. உள்ளே நுழைந்ததும் எஞ்சினை அணைத்து, முன்னும் பின்னும் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். இந்த ஆற்றின் விதி அது. இங்கே தொடங்கி மேலே எல்லா லாக்கும் ஆள் பலத்தில் ஓடுபவை. சக்கரத்தைத் திருகினால் மதகு எழும், தண்ணீர் புகும், படகு உயரும். பிறகு நீண்ட மரத்தண்டில் முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ள வேண்டும். இவர் கரையேறித் தள்ளினார். எனக்கு முன்கயிறு மட்டும், அதுவும் வலக்கையால். இடக்கையில் மருந்து ஏற்றும் குழாய், மேலே கட்டு, அதற்கும் மேலே பிளாஸ்டிக் உறை. வேகமில்லாத பயணம் என்கிறார்கள். ஓடியாடுகிறவருக்குத்தான் அது உல்லாசம். உட்கார்ந்திருப்பவளுக்குக் காத்திருப்பு.
தாண்டியதும் ஸ்வின்ஃபோர்டு பாலம், 1769-இல் கட்டியது. இன்றும் கார் ஒன்றுக்கு 5 பென்ஸ் சுங்கம். மேலே வண்டிகள் வரிசையில் நிற்க, அடியில் ஓசியில் போனோம்.

அக்டோபர் 7, திங்கள்
36.9. மழை.

அக்டோபர் 8, செவ்வாய்
மழை விடவில்லை. லாக் கதவில் மஞ்சள் பலகை தொங்குகிறது: நீரோட்டம் கூடுகிறது, கவனம். எஞ்சின் படகுகளும் நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொள்வது உத்தமம் என்று அதற்குப் பொருள். கட்டிவிட்டோம். கரைச் சேற்றில் இவர் ஒரு குச்சியை நட்டு, கத்தியால் கோடு கீறிவைத்திருக்கிறார். மணிக்கொரு தடவை போய்ப் பார்க்கிறார். என் வெப்பமானியையும் அதே முகத்தோடுதான் பார்க்கிறார்.
ஆற்றுத் தண்ணீர் மேலே படக்கூடாது. எலிச் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரும், உனக்கு இப்போது தாங்காது என்று நர்ஸ் விரல் நீட்டிச் சொன்னார். 38 ஆனால் நள்ளிரவானாலும் போன் செய்ய வேண்டும். எங்கிருந்து செய்வது? படகின் கூரைமேல் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வருகிறது.
புளியைக் கூடுதலாகக் கரைத்து, மிளகு நசுக்கிப் போட்டு ரசம் வைத்தேன். முதல் வாய் மட்டும் ரசமாகவே இருந்தது. பிறகு துரு.
மதியம் 37.1. மாலை 36.8. மதியம் ஏன் 37.1? சூடாக ரசம் குடித்ததாலா? குடிப்பதற்கு முன்பா அளந்தேன், பின்பா?

அக்டோபர் 9, புதன்
குச்சியில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. பலகையும் மாறியது: மஞ்சள்தான், ஆனால் ‘குறைகிறது’. கிளம்பினோம். ராட்காட்டில் பாலத்தின் ஒற்றை வளைவுக்குள் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன், அதனால் படகு இளைக்கும் என்பதுபோல. கெல்ம்ஸ்காட் கிராமம். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1871-இல் வாடகைக்கு எடுத்த வீடு மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறங்கிப் பார்க்கத் தெம்பில்லை.
36.7. தலையணையில் முடி.

அக்டோபர் 10, வியாழன்
லெச்லேட் தேவாலயக் கோபுரம் இடப்பக்கம் தெரிந்தது, பிறகு வலப்பக்கம், பிறகு முதுகுக்குப் பின்னால். ஆறு அப்படி வளைகிறது. மாடுகள் முழங்கால் ஆழத்தில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.
செயின்ட் ஜான்ஸ், தேம்ஸின் கடைசி லாக். கரையில் தாடி வைத்த தேம்ஸ் கிழவர் சிலை. 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகைக்காகச் செய்ததாம்; மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வேலை செய்கிற உத்தேசமே இல்லாமல் சாய்ந்திருக்கிறார். என் கட்சி.
இவர் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தபோது சக்கரத்தை நான் திருகினேன். ஒற்றைக் கையால்தான். ஈர இரும்பு, உள்ளங்கையில் பச்சைப் பெயின்ட் துகள். அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று, கீழே தண்ணீர் ‘குபுக்’ என்றது. லாக்கே என்னால் நிரம்பியது! இவர் திட்டினார், நிறையத் திட்டினார். சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார், இரண்டு தடவை.
36.8. 36.8. 36.7.

அக்டோபர் 12, சனி
இரவெல்லாம் மழை. சிவப்புப் பலகை. எந்தப் படகும் நகர வேண்டாம் என்று பொருள்.
செவ்வாய்க்கிழமை கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். இவர் பதில் சொல்லாமல் குச்சியைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு
37.3.
படகு இங்கேயே இருக்கட்டும், தண்ணீர் வடிந்ததும் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். டாக்சியில் ஸ்விண்டன், அங்கிருந்து ரயில். ரசப்பொடியை, ஊறுகாயை, கம்பளியை எல்லாம் ஒரே பையில் திணிக்கிறார். பொடி நிச்சயம் கொட்டும். டாக்சி பாலத்தடியில் நின்று ஹார்ன் அடிக்கிறது. மாத்திரை டப்பாவை எங்கே