புக்கிட் தீமாவில் வண்டி ஏன் மெதுவாகப் போனது

2008இல் ஓர் இரவு, சிங்கப்பூர் தஞ்சோங் பகாரிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலேறினேன். கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், இருபக்கமும் மரங்களாக இருந்த ஓர் இடத்தில் வண்டி மெதுவானது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு குட்டிக் கட்டடம், அதன் வாசலில் ஓர் ஆள். நிற்கப் போகிறதா என்று எதிர் இருக்கைப் பெரியவரைக் கேட்டேன். "டோக்கன் மாத்துறாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். வண்டி நிற்கவே இல்லை.

அந்தக் கட்டடம்தான் புக்கிட் தீமா ஸ்டேஷன். அதை நின்று பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். நான் பேச்சு சுவாரஸ்யத்தில் எதிர்த் திசையில் போய், வியர்வையில் குளித்துத் திரும்பி வந்தேன். சாலைக்கு மேலே கறுத்த இரும்புப் பாலம் தெரிந்தால் சரியான வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் 1932இல் கட்டியது. அதற்கு முன், 1903இலிருந்து, ரயில் டேங்க் ரோடு வழியாக ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தை ஒட்டித் தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் கட்டி, பாதையையே மாற்றி அமைத்தபோது வழியில் முளைத்தது இந்தச் சின்னது. ஏறி இறங்குகிறவர்கள் சொற்பம். பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலுக்கு வந்த குதிரைகள் இங்கே இறங்கியிருக்கின்றன. மற்றபடி இதன் வேலை, ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க இடம் கொடுப்பது.

அங்கேதான் டோக்கன் வருகிறது. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையே ஒரே தண்டவாளம். அதில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். இரு முனைகளிலும் மின்கம்பியால் இணைத்த இரண்டு பெட்டிகள், உள்ளே சாவி மாதிரி உலோகத் துண்டுகள். ஒரு முனையில் ஒன்றை எடுத்துவிட்டால் அது திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை எந்த முனையிலும் இன்னொன்று வராது. அந்தச் சாவியை ஒரு பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் கட்டி, ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். அவர் முந்தைய பகுதியின் வளையத்தைக் கொடுத்துவிட்டு இதைக் கையில் கோத்துக்கொண்டு போவார். நம்மூர் ஒற்றைப் பாதைகளில் சாவிக்குப் பதில் பந்து இருக்கும், மற்றபடி இதே கதைதான். இங்கே இந்தக் கைமாற்றம் 2011 ஜூன் 30, கடைசி வண்டி போகும்வரை நடந்தது. அந்த வண்டியை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான்.

ஏன் நிறுத்தினார்கள் என்பது தனிக் கதை. தண்டவாளம் ஓடியது சிங்கப்பூரில், நிலமும் ரயிலும் மலேசியாவின் கையில். 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை எல்லையை ஒட்டிய உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது, மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகரவில்லை. ஆக, என் பயணத்தில் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்தேன், அப்புறம் முக்கால் மணி நேரம் போல ஓடித்தான் சிங்கப்பூரை விட்டு வெளியேறினேன். கடவுச்சீட்டில் மலேசிய முத்திரையும் கிடையாது. 2010இல் இரு நாடுகளும் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன, விவகாரம் முடிந்தது.

தண்டவாளத்தில் பெரும்பகுதியைப் பெயர்த்துவிட்டார்கள். பாதை இருந்த 24 கிலோமீட்டரில் பெரும்பகுதி இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும். ஸ்டேஷனைச் செப்பனிட்டு 2022 ஜூலையில் சின்னக் காட்சிக்கூடமாகத் திறந்தார்கள். ஊழியர் குடியிருப்பு காபிக் கடை ஆகிவிட்டது. குடியிருப்பை விட ஸ்டேஷன்தான் எனக்குப் பிடித்தது, அதை ரொம்பச் சீண்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பதால். சிக்னல் நெம்புகோல்கள் நின்றிருக்க, கூரைக்குக் கீழே நாலு பக்கமும் காற்று. கட்டடத்தை விட அதன் எதிரே இருக்கும் வெற்றிடம் பெரிது. வண்டிகள் ஒதுங்கி நின்ற இடமல்லவா, அகலம் வேண்டியிருந்திருக்கிறது. அதைப் புல்லாக விட்டதுதான் இவர்கள் செய்த நல்ல காரியம்.

தஞ்சோங் பகார் அப்படியில்லை. முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நாலு வெள்ளைச் சிலைகள் நிற்கும் அந்தப் பெரியவர் தேசிய நினைவுச் சின்னமாகிவிட்டார். அவருக்கு அடியில் கான்டோன்மென்ட் எம்ஆர்டிக்காகத் தோண்டினார்கள். நான் அன்று பரோட்டா சாப்பிட்ட மூலை என்ன ஆகுமோ.

நடைமேடை விளிம்பில் நின்று வலது கையை மடக்காமல் நீட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஜன்னலுக்கு எட்டுமா என்று ஒரு கணக்கு. பின்னால் வந்த சைக்கிள்காரர் தனக்குத்தான் கைகாட்டுகிறேன் என்று நினைத்து நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்பி வைத்தேன்.

திரும்பும்போது டவுன்டவுன் பாதை ரயில். அதற்கு ஓட்டுநரே கிடையாது. முதல் பெட்டியில் ஏறி, முன்கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.