அரிசி விழும் நேரத்துக்குள்

பெப்ரவரி 24, கல்லடி

வேளாண்மை வெட்டு முடிந்து சம்மாந்துறை மில்லில் நெல் குவிந்து கிடக்கிறது. நிறம் பார்த்து அரிசி பிரிக்கும் கலர் சோர்ட்டருக்கு நான் பொருத்திய ஸிங்க் 7020 சிப் போர்ட், கமெராப் படத்தில் பழுதரிசியைச் சரியாகத்தான் பிடிக்கிறது. அதை ஊதித் தள்ளும் காற்றுதான் சிலவேளை பிந்தி அடிக்கிறது. அரிசி விநாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் விழுகிறது என்று வைத்தால், 2 மில்லிசெக்கன் பிந்தினாலே 6 மில்லிமீற்றர், ஒரு அரிசியின் நீளம். பழுது தப்பிவிடும், பின்னால் வந்த நல்லது குப்பைக்குப் போகும். சிப்பின் புரொசெசரில் ஓடும் லினக்ஸ் வேறு வேலை பார்க்கப் போனால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அதே சிப்பில், விரும்பியபடி மின்சுற்று அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ பகுதி சும்மா கிடக்கிறது. சரி, சி புரோகிராமை அங்கே மின்சுற்றாக்கிவிடுவோம்.

பெப்ரவரி 27

சி புரோகிராமை மின்சுற்றாக்கும் வைட்டிஸ் எச்எல்எஸ் டூல் முதல் வேலையாக, ஓடும்போது புது மெமரி கேட்கும் மால்லோக்கையும், தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனையும் தூக்கி எறிந்தது. நியாயம்தான். ஓடும்போது புதுக் கம்பி முளைக்குமா? படத்தில் இப்போதைய வரிக்கு மேல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் பழுதுப் புள்ளிகளை ஒரே ஓட்டத்தில் சேர்ப்பதுபோல் திருப்பி எழுதினேன். பழுதா என்று பார்க்க, புள்ளியின் சிவப்பை நீலத்தால் வகுத்து ஓர் எல்லை எண்ணோடு ஒப்பிட்ட இடத்தில், இப்போது நீலத்தை எல்லையால் பெருக்கிச் சிவப்போடு ஒப்பிடுகிறேன். வகுத்தல் சுற்று இடத்தைத் தின்னும். பெருக்கலுக்கு 220 டிஎஸ்பி கட்டங்கள் தயாராக இருக்கின்றன.

மார்ச் 2

ஒரு கிளாக் துடிப்புக்கு ஒரு புள்ளி முடிய வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கிளாக் வேண்டும் என்று டூல் அடம்பிடித்தது. காரணம் கணக்கில் இல்லை, மெமரியில். மேல் வரியை வைத்திருக்கும் பிளாக் ராம் மெமரிக்கு வாசல் இரண்டுதான். நானோ மேல் வரியில் மூன்று புள்ளிகளை வாசித்து, புதியதையும் எழுதுகிறேன். அந்த மூன்றையும் ரெஜிஸ்டர் என்ற சிறு தற்காலிக இடங்களில் வைத்து நகர்த்திவிட்டால் ஒரு வாசிப்பு, ஒரு எழுத்து போதும். இனி 2048 புள்ளி வரி 100 மெகாஹெர்ட்ஸில் 20.48 மைக்ரோசெக்கன். பக்கத்துப் புரொசெசரின் கிளாக் 667 மெகாஹெர்ட்ஸ், இதைவிட வேகம்தான்; ஆனால் லினக்ஸால் அதன் நேரம்தான் நிச்சயமில்லை.

மார்ச் 8, சம்மாந்துறை

"என்ன தம்பி, வேகம் கூடிட்டா?" என்றார் மில்காரக் காக்கா.

"வேகம் இல்ல காக்கா, ஒவ்வொரு தரமும் ஒரே நேரத்தில வருது."

காற்றை விடும் வால்வு திறக்கும் தாமதம் இன்னும் உண்டு. ஆனால் சுற்றின் பக்கம் ஆட்டம் இல்லாததால், அதை ஒரே எண்ணில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், எல்லை எண்களைப் புரொசெசரிடமே விட்டிருக்கிறேன். புழுங்கல் மஞ்சளாகத்தான் இருக்கும். பச்சையரிசிக்கு வைத்த எல்லையை அதற்கு வைத்தால் மூட்டையே குப்பைக்குப் போகும். மாற்றுவதற்குக் காக்காவின் மகனுக்கு ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன்.