வெயிலுக்கும் ஒரு நன்றி

துபாய் வெயிலைப் பற்றி எல்லாரும் புலம்பும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தவனுக்கு இதெல்லாம் பழகின சமாச்சாரம். (சரி, இந்தப் புழுக்கம் மட்டும் கொஞ்சம் ஓவர்.)

இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கச் சட்டப்படி தடை. ஊரில் செங்கல் சூளையில் வேலை பார்த்த அப்பாவுக்கு அப்படி ஒரு நிழல் கிடைத்ததே இல்லை.

தேதி தவறாத சம்பளம். அறையில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பசங்க. லீவு நாளில் கத்திரிக்காயோடு ஆம்பூர் மாதிரியே ஒரு பிரியாணி. ஊரில் மணி ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆனாலும் அம்மா என் வீடியோ காலுக்காகத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்.

நேற்று, "முள்ளுக் கத்திரிக்காய் அங்க கெடைக்குதாடா?" என்றார்.

இல்லம்மா. டிசம்பரில் வரேன், வாங்கி வை.