காரணம்: வானிலை

"அப்பாவும் அம்மாயியும் வந்து நிக்கிறாங்கன்னு நான் சொல்லாம இருந்திருந்தா, என்னை அனுப்பியிருப்பீங்களா சார்?"

அவள் என் மாணவி; நான் விமானம் ஓட்டக் கற்றுத்தருபவன். அன்று அவள் பெங்களூர் ஜக்கூரிலிருந்து சேலத்துக்குத் தனியாகப் பறந்து போய்த் திரும்ப வேண்டியது. நான் அனுப்பவில்லை. அம்மாயி என்றது அவள் அம்மாவைப் பெற்ற பாட்டியை. அவள் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஹெட்செட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தபடி, டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பதுபோலக் கேட்டாள். "விசிபிலிட்டி சரியில்லம்மா" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

ஜக்கூரில் ஜனவரிக் காலை எப்படி இருக்கும் என்று இங்கே பறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணிக்கு ரன்வேயின் மறுமுனையே தெரியாது. அன்று ஒன்பதரைக்கு விசிபிலிட்டி 5 கிலோமீட்டர் என்று வந்தது. கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு விதி கேட்பதும் அதே 5 கிலோமீட்டர்தான். சேலம் அதைவிட நன்றாகவே இருந்தது. ஆக, விதிப்படி அவள் போகலாம்.

வழியும் கஷ்டமானதல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி அணை, தர்மபுரி, தொப்பூர்; 90 கடல் மைல் சொச்சம், செஸ்னா 152 என்ற சின்ன விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். கீழே நெடுஞ்சாலை 44 கோடு போட்ட மாதிரி கூடவே வரும். என் தயக்கமெல்லாம் தொப்பூர்தான். அங்கே தரை சட்டென்று இறங்கும். இடதுபக்கம் சேர்வராயன் மலை 5000 அடிக்கு மேல் நிற்கும். இவள் போக வேண்டிய உயரம் 5500. குளிர்காலக் காலையில் அந்தச் சரிவுகளில் மேகம் ஒட்டிக்கொண்டு விடிந்து வெகுநேரம் கிடக்கும். அது கிடக்கிறதா, கலைந்ததா என்று சொல்ல, விமானிகளுக்கான வானிலை ரிப்போர்ட் எதுவும் அங்கிருந்து வருவதில்லை.

அதற்குத்தான் அவள் சொன்னாள்: "தொப்பூர்ல பனி இல்ல சார். அப்பா இப்பதான் கணவாய் இறங்கின டிரைவர்கிட்ட கேட்டுச் சொன்னாரு. அவரும் அம்மாயியும் ஏர்போர்ட் காம்பவுண்டு பக்கம் வந்து நிக்கிறாங்க."

அப்பாவுக்கு ஓமலூர்ப் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ். யோசித்துப் பார்த்தால், அன்று காலை எனக்குக் கிடைத்த தகவல்களிலேயே உருப்படியானது அந்த டிரைவர் சொன்னதுதான். ஆனால் என் காதில் அவள் பேச்சின் பின்பாதி மட்டும்தான் விழுந்தது. காம்பவுண்டு. அம்மாயி. நிற்கிறார்கள்.

"நானும் வரேன், டூயலா போய்ட்டு வரலாம்" என்றேன்.

"இல்ல சார். நான் தனியா இறங்குறதை அம்மாயி பாக்கணும்."

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டேன்.

இந்த இடத்தில் என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் சிறு விமானத்தில் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, உறவினர் கல்யாணத்துக்காகக் கிளம்பிக் கடலில் விழுந்ததை வகுப்பில் எல்லோருக்கும் சொல்வேன். இருட்டு, மங்கலான வானம், கீழே கடல். எது மேல், எது கீழ் என்பதே தெரியாமல் போன விபத்து. விசாரணை அறிக்கையில் ஒரு செய்தி இருக்கிறது. அன்று ஒரு பயிற்சியாளர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். தனியாகவே போக விரும்புவதாகப் பதில் வந்திருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் கென்னடியைப் பற்றி யோசிப்பார்கள். நான் அந்தப் பயிற்சியாளரைப் பற்றி யோசிப்பேன். அந்த ஆள் அதற்கப்புறம் எப்படித் தூங்கினார்?

ஆகவே "தனியா" என்ற சொல் எனக்கு வேறு மாதிரி கேட்டது. அதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கென்னடி பறந்தது இரவில், கடலின் மேல். இவள் பறக்கவிருந்தது பட்டப்பகலில், தன் அப்பாவின் லாரிகள் ஓடும் சாலைக்கு மேலே. தவிரவும், சோலோ கிராஸ் கண்ட்ரி, அதாவது ஊர்விட்டு ஊர் பறக்கும் இந்தப் பயிற்சி, என்றாலே தனியாகப் போவதுதான். அதைத்தான் நான் மாதக்கணக்காக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யாரோ ஒருவர் கதையை இவள் தலையில் கட்டிவிட்டேனோ?

பறக்க அனுமதி தந்து நான் கையெழுத்துப் போடும் புத்தகத்தில் ரத்துக்கான காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. "வானிலை" என்று எழுதினேன். "அம்மாயி" என்றா எழுத முடியும்?

பத்தரைக்கெல்லாம் வானம் கழுவிவிட்டதுபோல ஆகிவிட்டது. ஆனால் அந்த விமானம் ஒரு மணிக்கு வேறொரு பையனுக்கு. இனி போய்த் திரும்ப நேரம் இல்லை. பதினோரு மணிக்கு அவள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க நல்லா வெயில் அடிக்குதுங்க. பெங்களூர்ல மூடாப்பா இருக்குங்களா?"

கண் கூசும் வெயிலில், ஹேங்கர் வாசலில் நின்றுகொண்டு, "ஆமாங்க" என்றேன்.

"சரிங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க."

நான் சொன்ன அந்த "ஆமாங்க" பொய். முதலில் சொன்னதை ஒப்பேற்ற வந்த பொய். பின்னணியில் ஒரு வயதான குரல் "என்னவாம்?" என்று கேட்டது.

வேறொன்றும் உறுத்துகிறது. அவள் பெண் என்பதால் பயந்தேனா? அப்படி இருக்காது, அவளைவிட மோசமாக இறக்கும் பையன்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். (இந்த வரியை எழுதிவிட்டுப் படித்தால் அதுவே பதில்போலத்தான் இருக்கிறது.) அல்லது தமிழ் பேசுகிற பெண் என்பதாலா? ஏதாவது ஆகியிருந்தால் அந்த அப்பா என்னிடம் என் மொழியிலேயே வந்து கேட்பார். ஆங்கிலத்தில் கேட்டால் விதியைக் காட்டித் தப்பிக்கலாம். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க" என்கிற மனுஷனிடம் எந்த விதியைக் காட்டுவது?

பிரீஃபிங் அறை போர்டில், பறக்குமுன் சரிபார்க்க நாலு விஷயம் எழுதியிருக்கும்: விமானி, விமானம், சூழல், வெளி நெருக்கடி (அங்கே ஆள் காத்திருக்கிறது, போயே ஆக வேண்டும் என்கிற மாதிரி உந்துதல்). முதல் மூன்றை நானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விமானத்தைச் சுற்றி வந்தால் போதும், ரிப்போர்ட்டைப் படித்தால் போதும், மாணவன் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். நாலாவதை அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. இவள் சொன்னாள். நானோ, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனாள். அருமையான காலை, 10 கிலோமீட்டர். போய் இறங்கி, அரை மணி நேரம் கழித்துக் கிளம்பி, குறித்த நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்னதாகவே ஜக்கூரில் இறங்கினாள். பதிவேட்டில் எழுதிக்கொண்டே கேட்டேன்.

"அப்பா வந்திருந்தாரா?"

"சொல்லல சார்."

"ஏம்மா?"

"சொன்னா நீங்க கேப்பீங்களே."

அம்மாயியைப் பற்றி நான் கேட்கவில்லை. முதல் தடவை தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வந்து, வேலியோரம் ரெண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியதாக வேறொரு பெண் மூலம் தெரிந்தது.

அவளை அன்று அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கே அதே 5 கிலோமீட்டர், அதே தொப்பூர் என்றால், மறுபடி பேனாவை மூடினாலும் மூடுவேன். அவளிடம் "நீ சொன்னதுதான் காரணம்" என்று நேராகச் சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அப்போதும் அடுத்த தடவை சொல்லாமல்தான் போயிருப்பாள்.

போன வாரம் ஒரு பையன் மைசூருக்கு. கன்னடத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். புத்தகத்தை என் முன்னால் வைத்தான். அங்கே யாராவது உனக்காகக் காத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

"யாரூ இல்ல சார்."

நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அவன் அக்காவைக் கட்டிக்கொடுத்தது மைசூரில்தான். ரெண்டு மாதத்துக்கு முன் டீக்கடையில் அவனே சொன்னது. விசிபிலிட்டி 6 கிலோமீட்டர் என்று இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்துப் போட்டேன்.