வில்லிஸ் பிக்கப்புக்கு டி-90 கியர் பாக்ஸ்: வாங்கியது, பிரித்தது, இனி மாட்ட வேண்டியது

சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர் பாக்ஸ் கேட்டால் "டி-90தான் சார், அப்படியே உட்காரும்" என்பார்கள். பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. போர்க்-வார்னர் நிறுவனத்தின் இந்த மூன்று கியர் பெட்டியில், என்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டின் நீளம் என்ஜினைப் பொறுத்து மாறும். அளவு பார்க்கும் வெர்னியரும் பழைய கிளட்ச் பிளேட்டும் கையில் இருக்கட்டும். பிளேட் அந்த ஷாஃப்டின் 10 பல் ஸ்ப்ளைனில் (நீளவாக்கில் வெட்டிய பற்களில்) தடையில்லாமல் வழுக்கி ஓட வேண்டும். ஷாஃப்ட் நீளமாக இருந்தால் பெட்டி பெல் ஹவுசிங்கில் (என்ஜினோடு பெட்டியை இணைக்கும் கூடு) படியும் முன்பே ஷாஃப்டின் நுனி என்ஜினின் கிராங்கில் முட்டும். போல்ட் போட்டு இழுத்தால் கேஸின் காது உடையும். குட்டையாக இருந்தால் நுனி கிராங்கின் முனையில் அதைத் தாங்கும் பைலட் புஷ்ஷுக்குள் சரியாக உட்காராது. ஷாஃப்ட் ஆடும், கியர் நழுவும். பின்பக்கம் 6 பல் ஸ்ப்ளைனில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) கியரையும் மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கியர் பாக்ஸிலிருந்து பிரிக்கும்போது பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. கியர் பாக்ஸின் மேல் மூடியைக் கழற்றியதும், மெயின் ஷாஃப்டில் இரண்டாம் கியருக்குப் பின்னால் கம்பியைச் சுற்றி, முன்பக்க மூடி ஸ்க்ரூ இரண்டிலும் இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஷாஃப்ட் பின்னால் உருவிக்கொண்டு வரும், சின்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) உருப்படிகள் எல்லாம் பெட்டியின் அடியில் கொட்டும். மூடியில் கியரை மாற்றும் கம்பியான ஷிஃப்ட் ரெயிலை உருவும்போது துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள், ரெயிலை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் டீடென்ட் பந்தும் ஸ்பிரிங்கும் தெறிக்கும். இரண்டு ரெயிலுக்கும் நடுவில் உள்ள இன்டர்லாக் பின்னைத் திரும்பப் போட மறந்தால் ஒரே சமயத்தில் இரண்டு கியர் விழுந்து பெட்டி பூட்டிக்கொள்ளும்.

க்ளஸ்டர் கியரை (பல கியர்கள் சேர்ந்த ஒரே துண்டு) தாங்கும் கவுண்டர் ஷாஃப்டைப் பின்பக்கமாகத்தான் தட்டி எடுக்க வேண்டும். அதே விட்டத்தில், க்ளஸ்டர் கியர் நீளத்துக்கு வெட்டிய டம்மி ஷாஃப்டை முன்பக்கத்திலிருந்து அதைத் தொடர்ந்தே நுழைத்தால் நீடில் ரோலர்கள் உள்ளேயே நிற்கும். லேத் பட்டறையில் ஒரு கம்பி கடைந்து வாங்கிக்கொண்டால் போதும். க்ளஸ்டர் அடியில் இறங்கிய பிறகுதான் மெயின் ஷாஃப்ட் மேல்வழியாக வெளியே வரும்.

பித்தளை சின்க்ரோ ரிங் இரண்டையும் கியரின் கோனில் (கூம்பு வடிவப் பகுதியில்) அழுத்திப் பார்த்தோம். ரிங்கின் பல்லுக்கும் கியரின் பல்லுக்கும் இடையில் இடைவெளி இல்லை, இரண்டு ரிங்குமே தேய்ந்தவை. புதிது போட்டாகிவிட்டது. முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி உருளும்போது அதைத் தள்ளினால் பல் முனை உதிரும். அண்ணா சாலை நெரிசலில் ஓட்டுபவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எண்ணெய்: ஜிஎல்-4 (கியர் எண்ணெயின் தரக் குறியீடு), 80டபிள்யூ-90 (அதன் தடிமன்), பெட்டிக்குச் சுமார் 1.4 லிட்டர், ஃபில்லர் துளை வரை. ஜிஎல்-5 வேண்டாம். அதன் கந்தகச் சேர்க்கைகளில் சில பித்தளையை அரிக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அதே எண்ணெய்தான், ஏனென்றால் பின் பேரிங் வழியாக ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கசியும். கியர் பாக்ஸில் குறைந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் கசிவு அங்கேதான். மழை வெள்ளத்தில் ஆக்ஸில் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற வண்டி என்றால் டிரெயின் பிளக்கைத் திறந்து பாருங்கள், பால் நிறத்தில் வந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மாட்டும் முன் மிச்சமிருப்பது பெல் ஹவுசிங் துளையை டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது. 0.13 மி.மீ.க்கு மேல் ஓட்டம் (மையத்திலிருந்து விலகல்) இருந்தால் புதிய ரிங், புதிய ஸ்பிரிங் போட்டும் டாப் கியர் நழுவும்.