பெட்டிக்குள் மஞ்சளாய் நின்ற நாற்று

அக்கா மகள் தொட்டியில் விதை போட்டு, மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். எட்டாம் நாள் திறந்தால் எல்லாம் வெளிறிய மஞ்சள். "மாமா, ரத்தத்துல இருக்குற இரும்பை எடுத்துட்டு மெக்னீசியத்தை வெச்சா பச்சையம்னு நீங்கதானே சொன்னீங்க? மண்ணுல மெக்னீசியம் இருக்கே, அப்புறம் ஏன் பச்சையாகல?"

பல வருடமாக நான் எல்லோரிடமும் சொல்லி வந்த வசனம் அது. பாதிதான் சரி.

ரத்தத்தில் இரும்பைத் தாங்கும் சிவப்பு மூலக்கூறுக்கு ஹீம் என்று பெயர். உருவாகும் பாதையின் நடுப்பகுதி ஹீமுக்கும் பச்சையத்துக்கும் ஒன்றேதான். அமினோலெவுலினிக் அமிலம் என்ற சின்ன மூலக்கூறு எட்டு வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு குட்டி வளையங்கள். அவை வரிசையாகக் கோத்து ஒரே பெரிய வளையமாக மூடும். மூடும்போது ஒரு நொதி நான்காவதை மட்டும் திருப்பிப் போடும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த நொதி பழுதாகப் பிறந்தவர்களுக்குத் திரும்பாத வளையங்கள் உடம்பில் தேங்கும். வெயில் பட்டாலே தோல் புண்ணாகும், சிறுநீர் சிவக்கும்.

பாதையின் தொடக்கம் வேறு. நம் செல்கள் அந்த அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவில் கிளைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கின்றன. இதைத் துருவிக் கண்ட உயிர்வேதியியலாளர் டேவிட் ஷெமின், 1945-இல் உடம்பில் எங்கே போகிறது என்று தொடரும்படி அடையாளமிட்ட கிளைசின் 66 கிராமைத் தானே சாப்பிட்டு, தன் ரத்தத்தையே சோதித்தார்! சிவப்பணு சுமார் நான்கு மாதம் வாழ்கிறது என்பதும் அதில் தெரிந்தது. செடிகள் குளூட்டமேட் என்ற வேறோர் அமினோ அமிலத்தில் தொடங்குகின்றன. அதுவும் எப்படி? புரதம் கட்டுவதற்காக அமினோ அமிலம் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வின் முதுகில் ஏற்றி.

பெரிய வளையம் புரோட்டோபோர்ஃபிரின் என்ற வடிவத்துக்கு மாறியதும் பாதை பிரியும். இரும்பு நுழைந்தால் ஹீம்; செடிக்கும் அது வேண்டும். மெக்னீசியத்தை நுழைக்க செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாகும். அதோடு முடியாது: ஐந்தாவது வளையம் ஒன்று, 20 கார்பன் வால் ஒன்று, இடையில் ஓர் இரட்டைப் பிணைப்பைக் குறைக்கும் வேலை. பூக்கும் தாவரங்களில் அந்த வேலையைச் செய்யும் நொதி, வெளிச்சம் பட்டால்தான் இயங்கும். பெட்டிக்குள் நாற்று நின்றுபோனது இங்கேதான். மெக்னீசியம் அதற்கு முன்பே உள்ளே போயிருக்கும். நாங்கள் பார்த்த மஞ்சள், கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள் நிறமிகளின் நிறம்.

ஜன்னலோரம் வைத்தோம். சாயங்காலத்துக்குள் இலையில் பச்சை படர ஆரம்பித்துவிட்டது. பைன் நாற்று இருட்டிலேயே பச்சையாகும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இப்போது அவளுக்குப் பைன் விதை வேண்டுமாம்.