குரலைப் பீட்டில் உட்கார வைத்த கதை

பீட் (பாட்டின் பின்னணித் தாள இசை) என்னுடையது, பாட்டு தங்கையுடையது. 92 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 92 தட்டு) ஒரு பீட் செய்து அவளுக்கு எம்பி3 ஆக அனுப்பினேன். அவள் அதை ஹெட்போனில் கேட்டபடி போனில் இருக்கும் ஆப்பில் பாடி, குரலை மட்டும் தனி வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக அனுப்பினாள். தொடக்கத்தை வெட்டாமல் அனுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டையும் ஒரே புள்ளியில் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பு.

ஒலி எடிட் செய்யும் மென்பொருளில் புது ப்ராஜெக்ட் திறந்து பீட்டின் வேவ் கோப்பையும் குரலையும் போட்டு ஓடவிட்டேன். முதல் வரி பின்தங்கியது. பல்லவி முடியும் நேரத்தில், அதாவது 40 விநாடி வாக்கில், அச்சு அசலாகப் பொருந்தியது. அப்புறம் குரல் முந்த ஆரம்பித்தது. கடைசி வரி கிட்டத்தட்ட ஒரு தட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் தயங்கியிருக்கிறாள், பிறகு சூடுபிடித்து வேகமாகப் பாடிவிட்டாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கேட்டதற்கு, "அண்ணா, நான் ஒழுங்காத்தான் பாடினேன், உங்க பீட்டைப் பாருங்க" என்றாள்.

பார்க்கவில்லை. ஒரு முழு மாலை உட்கார்ந்து வரி வரியாக வெட்டி நகர்த்தினேன். நாற்பது துண்டு ஆனது. துண்டுக்குத் துண்டு மூச்சு பாதியில் அறுந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுநாள் வெட்டாத குரலை மறுபடி போட்டு, நகர்த்துவதற்குப் பதிலாக அளந்தேன். எந்த இடத்தில் எத்தனை மில்லிசெகண்ட் விலகல் என்று ஆறு இடங்களில் குறித்தேன். விலகல் ஒழுங்காக, நேர்கோடு போட்டதுபோல மாறிக்கொண்டே போனது. மனிதர்கள் அப்படித் தவறமாட்டார்கள். இது இயந்திரத்தின் வேலை.

உள்ளே போடும்போதே மென்பொருள் என் பீட்டின் வேகத்தைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது, 92.4 என்று. ப்ராஜெக்ட் 92இல் இருக்கிறதே என்று பீட்டைச் சற்று இழுத்து நீட்டியும் வைத்திருக்கிறது. மூன்று நிமிடப் பாட்டில் இந்த 0.4 ஏறக்குறைய முக்கால் விநாடியாகச் சேர்ந்துவிடும். காதுக்குத் தெரியாது, குரலோடு சேரும்போதுதான் தெரியும். தானாக நீட்டும் அமைப்பை அணைத்தேன். விலகல் மாறிக்கொண்டே போவது நின்றது. தங்கை சொன்னது சரிதான்.

ஆனால் இப்போது பாட்டு முழுக்க ஒரே அளவில் பின்தங்கியது, 180 மில்லிசெகண்ட். 92 பிபிஎம்மில் ஒரு தட்டு 652 மில்லிசெகண்ட் (60,000ஐ பிபிஎம்மால் வகுத்தால் வந்துவிடும்), அதில் கால் பங்கு 163. ஆக அவள் குரல் கால் தட்டுக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நின்றது. முதலில் கேட்டபோது வேண்டுமென்றே தள்ளி எடுத்ததுபோல ஒரு ஸ்டைல் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். அவள் பாடியது ப்ளூடூத் ஹெட்போனில். அதில் 100, 200 மில்லிசெகண்ட் தாமதம் சர்வ சாதாரணம். பீட் அவள் காதுக்கு எப்போது வந்ததோ அப்போது சரியாகப் பாடியிருக்கிறாள். மொத்தக் குரலையும் 180 முன்னே தள்ளினேன். இரண்டு பிழையும் சேர்ந்துதான் அந்த 40ஆவது விநாடியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எனக்குப் போக்குக் காட்டியிருக்கின்றன.

மிச்சம் இருந்தது பாடகியின் சொந்தத் தடுமாற்றம் மட்டும். அதுவும் ஏழெட்டு வரியில்தான். இங்கே சோம்பேறித்தனம் பண்ணி, முழுக் குரலையும் தேர்ந்தெடுத்து குவாண்டைஸ் (ஒலிகளைத் தானாகத் தாளக் கோட்டுக்கு இழுக்கும் கட்டளை) அடித்தேன். எல்லாச் சொல்லும் திரையில் தாளத்தைக் காட்டும் கிரிட் கோட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கேட்டால், "பக்கம்" என்ற சொல் சரியாக விழுகிறது, "சொன்னது" மட்டும் தாமதமாகக் கேட்கிறது. கண்ணுக்கு இரண்டும் கோட்டின் மேல்தான் இருக்கின்றன.

பெரிதாக்கிப் பார்த்தபோது புரிந்தது. "சொ" தொடங்குவது ஒரு சீறலோடு. அலைவடிவத்தில் உயரமில்லாத, பஞ்சு மாதிரியான பகுதி, 100 மில்லிசெகண்டுக்குப் பக்கம். அதன் பிறகுதான் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் அலைகள், அதாவது "ஒ". மென்பொருள் சீறலின் தொடக்கத்தைக் கோட்டில் வைத்திருந்தது. காதோ உயிரொலி தொடங்கும் இடத்தைத்தான் தாளம் என்று எடுத்துக்கொள்கிறது. "ப"வில் மெய்யும் உயிரும் ஏறக்குறைய ஒட்டியே வருவதால் பிரச்சினை இல்லை. உயிர்மெய் என்று பள்ளியில் படித்ததை அலைவடிவத்தில் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லிலும் மெய்யை முன்னால் போகவிட்டு உயிரைக் கோட்டில் வைத்தேன். குவாண்டைஸை அன்டூ செய்துவிட்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இழுத்து நீட்டுவதிலும் தமிழ் கொஞ்சம் கறாரான மொழி. ஏபிள்டனில் வார்ப் மார்க்கர், ரீப்பரில் ஸ்ட்ரெச் மார்க்கர், லாஜிக்கில் ஃபிளெக்ஸ் என்று மென்பொருளுக்கு மென்பொருள் பெயர்தான் வேறு, செய்வது ஒன்றுதான்: இரண்டு இடங்களில் ஊசி குத்தி நடுவில் உள்ளதை நீட்டுவது, சுருக்குவது. ஒரு வரியில் "படம்" சீக்கிரம் முடிந்துவிட்டது என்று முதலெழுத்தை நீட்டினேன். "பாடம்" ஆகிவிட்டது. குறிலை நீட்டினால் நெடில், பொருளே வேறு. இன்னொரு வரியில் அமைதியான இடங்களைத் தானாக வெட்டும் வசதியைப் போட்டேன். "பாட்டு" என்ற சொல்லின் நடுவில் நாக்கு மேலே ஒட்டி நிற்கும் அந்தச் சின்ன மௌனத்தை அது இடைவெளி என்று நினைத்து இரண்டாகப் பிளந்தது. துண்டுகளை நெருக்கி ஒட்டினேன், "பாடு" என்று கேட்டது. அதிலிருந்து, நீட்ட வேண்டுமென்றால் நெடிலை மட்டும். குறிலும் இரட்டித்த வல்லினமும் இருந்தால் சொல்லை அப்படியே நகர்த்தி, இடைவெளியில் கணக்கைச் சரிசெய்வது என்று வைத்துக்கொண்டேன். வெட்டிய இடத்தில் சின்னக் கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க அடுத்தது எழுவது), அதுவும் மூச்சின் மேல் விழாமல்.

சரணத்தின் ஒரு வரி 30 மில்லிசெகண்ட் போலப் பின்னால் சாய்ந்து வரும். அதைக் கோட்டுக்கு இழுத்தபோது வரியின் ஜீவனே போய்விட்டது. பழையபடி விட்டுவிட்டேன்.

இரண்டு வரி மட்டும் எதற்கும் மசியவில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் நீட்ட வேண்டி வந்தது, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆனது. மறுபடி பாடச் சொன்னேன், வயர் ஹெட்போனில். "முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று ஒரு பாட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். வந்த வரிகளில் தடுமாற்றமே இல்லை, ஆனால் இரண்டும் 25 மில்லிசெகண்ட் தள்ளி. ப்ளூடூத் இல்லையே, இது எங்கிருந்து வந்தது? அவளுக்கு அனுப்பிய எம்பி3ஐ என் வேவ் கோப்புக்குக் கீழே போட்டுப் பார்த்தேன். எம்பி3ஆக மாற்றும்போது கோப்பின் தொடக்கத்தில் ஒரு சின்ன வெற்றிடம் சேர்ந்துவிடும். சில மென்பொருள்கள் அதை நீக்கிவிட்டு வாசிக்கும், சில அப்படியே வாசிக்கும். முதல் தடவை அந்த 180க்குள் இதுவும் ஒளிந்திருந்திருக்கிறது. இரண்டாவது தடவையும் நான் எம்பி3தான் அனுப்பியிருந்தேன். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.